பட்டிக்கு அடியில் இருந்தது: ஒரு 1968 பீட்டிலைப் பிரித்த பதிவு

காரைக் கொண்டுவந்த மூன்றாம் நாள் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். வரிசையில் ஒரு ஃபியூஸ் மட்டும் பளபளவென்று மின்னியது. உருவிப் பார்த்தால், எரிந்துபோன பழைய ஃபியூஸின் மேல் வெள்ளித் தாளை இறுக்கமாகச் சுற்றி, அதே கிளிப்பில் திரும்பச் செருகியிருக்கிறார்கள். தாளின் பின்பக்கக் காகிதம் ஒரு ஓரத்தில் கருகியிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது.

வண்டி 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1493 சிசி, காற்றிலேயே குளிரும் எஞ்சின், 12 வோல்ட். அந்தக் காலத்து வண்டிகளில் ஃபியூஸ் என்பது ஒரு சின்னக் குச்சி. அதன் முதுகில் மெல்லிய உலோகப் பட்டை ஓடும். வெள்ளைக் குச்சி 8 ஆம்பியர், சிவப்பு 16. அளவுக்கு மேல் கரண்ட் போனால் அந்தப் பட்டை உருகி ஒயரைக் காப்பாற்ற வேண்டும். வெள்ளித் தாளைச் சுற்றிவிட்டால் பட்டைக்குப் பதிலாக ஒயர் உருகும். பின்பக்கம் போகும் ஒயர் கட்டு உள்ளலங்காரத் துணிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஓடுகிறது. அங்கே தீப்பிடித்தால் வெளியில் தெரிவதற்குள் பாதி வண்டி போயிருக்கும்.

அன்று ஆரம்பித்த வேலை இது. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பழைய வண்டி தேய்வதையும் துருப்பிடிப்பதையும் நான் குறையாக நினைக்கவில்லை. தேய்ந்த பாகம் தேய்ந்தது என்று பார்த்ததும் தெரியும். அளக்கலாம், மாற்றலாம். என்னை வாட்டி எடுத்தது வேறு. எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவர்கள் கோளாறைச் சரிசெய்யாமல், கோளாறு வெளியில் தெரியாதபடி மட்டும் செய்துவைத்த வேலைகள். ஒவ்வொன்றையும் முதலில் பிரித்து, அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மையான கோளாறைத் தேடி, பிறகுதான் பழுதுபார்க்க முடிந்தது. ஒரு வேலைக்கு மூன்று வேலை.

ஒயரிங்

அந்த ஃபியூஸ் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்க வேண்டியிருந்தது. ஃபியூஸ் இருந்த இடத்தில் இரண்டு முனைக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை மாட்டினேன். அந்த ஃபியூஸிலிருந்து கரண்ட் வாங்கும் விளக்குகள், ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். அப்படிச் செய்த பிறகும் பல்பு எரிந்தால் வழியில் எங்கோ ஒயர் வண்டியின் உடம்பைத் தொடுகிறது என்று அர்த்தம். சும்மா இருந்தபோது பல்பு எரியவில்லை. ஒயர் கட்டை ஒவ்வொரு ஜாணாக அசைத்துக்கொண்டே பின்னால் போனேன். எஞ்சின் அறைக்குள் ஒயர் நுழையும் துளையில் கை வைத்து அசைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் வெட்டு விளிம்பில் ஒயர் உரசி உரசி, மேலுறை அறுந்து, செம்பு இழைகள் தெரிந்தன. குண்டு குழியில் வண்டி குலுங்கும்போது மட்டும் தகட்டைத் தொடும், ஃபியூஸ் போகும். ஒரு ரப்பர் வளையமும் அரையடி புது ஒயரும் போதும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் வெள்ளித் தாளைச் சுற்றியவர், அந்தச் சுற்றலுக்குப் பிறகும் எத்தனை முறை இதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, ஒரு ஒயர்தானே என்று டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் அங்கே ஒரு பெரிய சிக்கல் தொங்கியது. தொழிற்சாலையில் போட்ட ஒயர்களுக்கு ஜெர்மன் முறைப்படி நிறமும் எண்ணும் உண்டு. பழுப்பு என்றால் எர்த். சிவப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது. கறுப்பு சாவி போட்டபின் வருவது. முனைகளில் டின் (DIN) 72552 என்ற ஜெர்மன் தரத்தின் எண்கள் பொறித்திருக்கும்: 30 பேட்டரி, 15 சாவி போட்டபின், 31 எர்த், 50 ஸ்டார்ட்டர். இந்த நாலு எண்ணை மனசில் வைத்துக்கொண்டாலே பீட்டிலின் ஒயரிங்கில் பாதியைப் படித்துவிடலாம். அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஒழுங்கின் மேல் யாரோ வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயரை ஓட்டியிருந்தார்கள். சுவருக்குள் அசையாமல் கிடக்கத்தான் ஒற்றைக் கம்பி. வண்டியில் எப்போதும் அதிர்வு இருப்பதால் அது திருகும் இடத்தில் களைத்து உடையும். வண்டிக்குப் பல இழை ஒயர் போடுவதன் காரணமே அதுதான். இணைப்புகள் எல்லாம் வெறுமனே முறுக்கி டேப் ஒட்டியவை. டேப்பின் பசை உருகி வழிந்து, கையில் கறுப்பாக ஒட்டியது. எல்லாவற்றையும்விட மோசம், ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்க அவர் எடுத்திருந்தது பழுப்பு ஒயர். பழுப்பு என்றால் எர்த் என்று நம்பி ஒருவர் அதை உடம்பில் வைத்து முடுக்கினால் அந்த இடத்திலேயே ஷார்ட். நான் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் தொடுவதில்லை என்பதால் தப்பித்தது.

ஹெட்லைட் கதையும் இதே மாதிரிதான். விளக்கு மங்கலாக எரிந்திருக்கிறது. அதற்கு அதிக வாட் பல்பு போட்டிருக்கிறார்கள். விளக்கு எரியும்போது பேட்டரியில் 12.3 வோல்ட், பல்பின் முனையில் 10.2. வழியிலேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. இந்த அளவு குறைந்தாலே வெளிச்சம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். எர்த் ஒயர் முடுக்கிய இடத்தைச் சுரண்டினால் கீழே பெயிண்ட். பெயிண்ட்டின் மேலேயே வைத்து முடுக்கிவிட்டார்கள். பெரிய பல்பு வந்ததும் அதே மோசமான இணைப்பில் இன்னும் அதிக கரண்ட் ஓடி, பிளாஸ்டிக் கனெக்டர் உருகிக் கோணியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தகட்டை வெளிச்சமாக்கி, புது வாஷர் வைத்து முடுக்கி, பழைய வாட் பல்பையே திரும்ப மாட்டினேன். இப்போது பல்பு முனையில் 11.8. இரவில் ஓட்ட அது தாராளம்.

பின் சீட்டுக்கு அடியில்

பீட்டிலில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில், வலது பக்கம். சீட்டுக்குள் இருப்பது இரும்பு ஸ்பிரிங். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்கி பேட்டரி முனைகளைத் தொடலாம். அதனால்தான் பேட்டரிக்கு ஒரு மூடி கொடுத்திருந்தார்கள்.

என் வண்டியில் மூடி இல்லை. அளவு மீறி உயரமான பேட்டரி ஒன்று இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு கார்ப்பெட். சீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங்கின் அடிவளைவில், மிளகு அளவுக்கு, இரும்பு உருகி உருண்டு நின்றது. அதைச் சுற்றியிருந்த நார்த் திணிப்பு பழுப்பேறி, தொட்டால் பொடியானது. அதாவது ஒருமுறை தொட்டிருக்கிறது, பொறி பறந்திருக்கிறது, புகையும் வந்திருக்க வேண்டும். அவர் செய்த பரிகாரம் அந்தக் கார்ப்பெட்.

சரியான உயரத்தில் பேட்டரி, மூடி, கீழே பிடித்து நிறுத்தும் கிளாம்ப் மூன்றையும் அன்றைக்கே போட்டேன். பீட்டில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் முதலில் சீட்டைத் தூக்கி இதை மட்டும் பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பெட்ரோல் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் அறையில், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேர் மேலே, ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கியது. ஹோஸ் தடித்தது, குழாய் மெல்லியது. இடைவெளியைக் கிளாம்ப் போட்டு நசுக்கி அடைத்திருந்தார்கள். இந்த கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறுமனே அழுத்திச் செருகியதுதான், மரை கிடையாது. ஃபில்டரின் எடை இழுத்துக்கொண்டே இருந்தால் அது கழன்று வரும். பெட்ரோல் கொட்டும் இடம் பொறி தெறிக்கும் இடம். ஃபில்டரை எஞ்சின் அறைக்கு வெளியே கீழே கொண்டுபோய், குழாய்க்கு ஏற்ற அளவில் புது ஹோஸ் போட்டு, தகட்டைக் கடந்து வரும் இடத்தில் ரப்பர் வளையமும் வைத்தாயிற்று.

சூடு

விற்றவர் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தார்: கொஞ்சம் சூடாகும், பழைய வண்டி அப்படித்தான். நான் நம்பவில்லை. சரியாகப் பூட்டிய பீட்டில் எஞ்சின் நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும். அதற்காகவே அமைத்தது அது.

இதில் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. டைனமோ தண்டின் மறுமுனையில் ஒரு விசிறி. அது மேலிருந்து காற்றை இழுத்து, தகடு உறை வழியாக நாலு சிலிண்டரின் மேலும் அழுத்தித் தள்ளும். சூடான காற்று கீழே போய்விடும். எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள தகடுகளும் ரப்பர் விளிம்பும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றையும் கீழே இருக்கும் சூடான காற்றையும் பிரித்து வைக்கின்றன. அந்தத் தகடுகளைப் பார்த்தால் அலங்காரத்துக்கு வைத்தது போலத் தோன்றும். எஞ்சினைக் கழற்றி மாட்டும்போது இடைஞ்சலாக இருக்கும். அதனால் பலர் வெளியில் எடுத்ததைத் திரும்ப மாட்டுவதில்லை.

என் எஞ்சினில் ரப்பர் விளிம்பு முழுதாக இல்லை. சிலிண்டர்களுக்கு அடியில் இடையிடையே மாட்டும் சின்னத் தகடுகள் இரண்டுமே இல்லை. அந்தத் தகடு இருந்தால்தான் காற்று சிலிண்டரின் அடிப்பக்கத் துடுப்புகளையும் சுற்றிப் போகும். இல்லாவிட்டால் நடு இடைவெளியில் நேராகக் கீழே விழுந்துவிடும். தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருந்தார்கள். எஞ்சின் மூடி முழுதாக மூடாதபடி ஒரு முட்டு வைத்திருந்தார்கள், காற்று போகட்டும் என்று. ஆனால் விசிறி இழுப்பது கீழிருந்து ஏறி வரும் சூடான காற்றை. ஒரு நாள் வெளியே 30 டிகிரி இருந்தபோது விசிறியின் வாயருகே தெர்மாமீட்டர் வைத்து ஓட்டிப் பார்த்தேன். 53 காட்டியது. அந்தக் காற்றை வைத்துக்கொண்டுதான் எஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து கம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் தரும் அழுத்தம். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய சிலிண்டர்கள் 8 பார் அளவில் இருந்தன. மூன்றாம் சிலிண்டர் 4.6.

பீட்டிலைத் தெரிந்தவர்களுக்கு மூன்றாம் சிலிண்டரின் கதை தெரியும். 1971 மாடலுக்கு முந்தைய எஞ்சின்களில் ஆயில் கூலர் விசிறி உறைக்குள்ளேயே, இடது பக்கக் காற்று வழியில் நிற்கிறது. ஆயிலின் சூட்டை வாங்கிய காற்றுதான் மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைக்கும். ஆகவே அது எப்போதும் மற்றதைவிடச் சூடு. ஆனால் 4.6 என்பதற்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

விசிறி உறையைத் தூக்கினேன். ஆயில் கூலரின் மேல், துடுப்புகளுக்குள் அழுந்தி, ஒரு துணி கிடந்தது. கை துடைக்கிற துணி. ஓரம் தைத்த நீலத் துணி, எண்ணெயில் ஊறி, சூட்டில் விறைத்து, கூலரின் வடிவத்தையே வாங்கியிருந்தது. வெளியில் எடுத்தபோது துடுப்பு வரிசையின் அச்சு அதில் பதிந்திருந்தது. யாரோ உறையைத் திறந்து வேலை செய்திருக்கிறார். நட்டு உள்ளே விழாமல் இருக்கத் துணியை வைத்திருக்கிறார், நல்ல பழக்கம்தான். எடுக்க மறந்துவிட்டார். மறதி எல்லோருக்கும் வரும், அதில் எனக்குக் கோபமில்லை. அதற்குப் பிறகு வண்டி சூடானபோது யாரும் உறையைத் திறந்து பார்க்கவே இல்லை, கெட்டியான ஆயிலை ஊற்றினார்கள், மூடிக்கு முட்டு வைத்தார்கள். அதை நினைத்தால்தான் ஆற மாட்டேன் என்கிறது.

இன்னும் ஒன்று இருந்தது, அதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. வண்டியில் முதலில் இருந்த வேக்குவம் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, சுழற்சி வேகத்தை மட்டும் வைத்து வேலை செய்யும் 009 வகை டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டிருந்தார்கள். அது கெட்ட பொருள் இல்லை. ஆனால் இந்த கார்புரேட்டரோடு சேரும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் எஞ்சின் தயங்கும். தயக்கத்தை மறைக்க டைமிங்கை, அதாவது பொறி வைக்கும் நேரத்தை, முன்னால் தள்ளியிருக்கிறார்கள், காதால் கேட்டு. நிமிடத்துக்கு 3500 சுற்றில் டைமிங் லைட் பிடித்துப் பார்த்தேன். 28 முதல் 32 டிகிரிக்குள் நிற்க வேண்டியது 41ல் நின்றது. அந்த அளவுக்கு முன்னால் பொறி வைத்தால் சிலிண்டரை மூடும் ஹெட் வெந்துபோகும்.

முதலில் இந்த அளவை நானே நம்பவில்லை. புல்லியில் இரண்டு வெட்டுகள் இருந்தன. ஒன்று தொழிற்சாலை வெட்டு, இன்னொன்று அரத்தால் யாரோ போட்டது. எது உண்மை என்று தெரியாமல் டைமிங் பார்ப்பதில் பயனில்லை. பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஒரு ஸ்டாப்பரை மாட்டி, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் சுற்றி, இரண்டு பக்கமும் நிற்கும் இடத்தைக் குறித்து, அதன் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்தேன். அதுதான் பிஸ்டனின் உச்சி. அரத்தால் போட்ட வெட்டு அதிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி தள்ளி இருந்தது. அந்த வெட்டை நம்பி எனக்கு முன்னால் எத்தனை பேர் டைமிங் வைத்தார்களோ.

ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம். எரிந்து தின்ற பள்ளம். டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, பூஜ்யம், வால்வு முழுதாக உட்காரவே இல்லை. வால்வு, கைடு, சீட்டு மூன்றும் புதிது. தகடுகள் அத்தனையும் தேடிச் சேர்த்தேன். தெர்மோஸ்டாட், ரப்பர் விளிம்பு, வேக்குவம் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் தொழிற்சாலை வைத்த இடத்தில் வைத்தேன். அதே தெர்மாமீட்டர், அதே 30 டிகிரி நாள், விசிறி வாயில் இப்போது 37.

ஆயிலை வடிகட்டும் ஸ்டிரெய்னரின் தட்டைக் கழற்றியது தனி அனுபவம். ஆறு சின்ன நட்டுகள், 7 நியூட்டன் மீட்டர் அளவு முடுக்கினால் போதும். முரட்டுத்தனமாக முடுக்கி இரண்டில் மரை போய்விட்டது. கசிவை நிறுத்த சிலிக்கோனை அள்ளிப் பூசியிருந்தார்கள். பூசியதில் பாதி உள்பக்கம் பிதுங்கி, துண்டு துண்டாகப் பிய்ந்து, வலையில் புழு மாதிரி ஒட்டிக் கிடந்தது. பம்ப் ஆயில் உறிஞ்சும் வழி அது.

ஆணி

பின் சக்கரத்தின் நடுவில் 36 மில்லிமீட்டர் நட்டு ஒன்று உண்டு. டிரம்மை அச்சோடு பிடிப்பது அதுதான். 217 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 294 நியூட்டன் மீட்டர் முடுக்க வேண்டும். சாதாரண ஸ்பேனரில் வராது, நீளமான குழாய் போட்டு உடம்பின் எடையைக் கொடுக்க வேண்டும். முடுக்கிய பிறகு, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் இன்னும் முடுக்கி நேராக்க வேண்டும், தளர்த்தி நேராக்கக் கூடாது.

இடது நட்டின் ஆறு முகத்திலும் உளி வைத்து அடித்த வெட்டுகள். ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய துளையில் ஒரு ஆணி. மரத்தில் அடிக்கிற ஆணி, வளைத்து விடப்பட்டிருந்தது. ஆணியை இடுக்கியால் உருவினேன், நட்டு கையால் சுற்ற வந்தது. டிரம்மை இழுத்துப் பார்த்தால் உள்ளே பல்வரிசையின் ஒரு பக்கம் கத்தி முனை போலத் தேய்ந்திருந்தது. நட்டு தளர்ந்தால் அச்சும் டிரம்மும் ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் ஒன்றையொன்று அரைக்கும். கடைசியில் பல் முழுக்கப் போய், அச்சு மட்டும் சுற்றும், சக்கரம் நிற்கும். அந்தப் பக்கத்துப் பிரேக்கும் அதே டிரம்மில்தான் இருக்கிறது.

உளியால் அடித்தால் எவ்வளவு முடுக்கம் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. டார்க் ரெஞ்ச் கைவசம் இல்லையென்றால் ஒருநாள் இரவல் வாங்கலாம். புது டிரம், புது நட்டு, புது ஸ்ப்ளிட் பின். ஆணியை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பட்டி

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதினான்கு மாதத்தில் ஏழு மாதத்தைத் தின்றது.

கதவுக்குக் கீழே, உடம்பின் இரண்டு பக்கமும், ஒரு பெட்டி வடிவக் குழாய் ஓடும். ஹீட்டர் சேனல். எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றை முன்பக்கம் கொண்டுபோவது அதன் ஒரு வேலை. மேல் உடம்பைத் தரைத் தகட்டோடு போல்ட் போட்டுப் பிணைப்பதும் அதன் வழியாகத்தான், வண்டியின் முதுகெலும்பில் அதுவும் ஒரு பங்கு. அது உளுத்தால் உடம்பு நடுவில் தொய்யும்.

வாங்கும்போது இடது பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்தது. கதவுக்குக் கீழே வந்ததும் கையிலிருந்து நழுவியது. ஜாக்கியை வைத்து இடது பக்கத்தை மெதுவாகத் தூக்கினேன். கதவுக்கும் பின் தூணுக்கும் நடுவே இருந்த இடைவெளி என் கண் முன்னாலேயே குறுகியது. மூடியிருந்த கதவு திறக்க மறுத்தது. அப்போதே தெரிந்துவிட்டது, கதவுக்கு அடியில் இரும்பு இல்லை.

திருப்புளியை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. அப்புறம் சுரண்ட ஆரம்பித்தேன். முதலில் பெயிண்ட். அடுத்தது பட்டி. பட்டி என்பது 2, 3 மில்லிமீட்டர் மேடு பள்ளத்தை நிரவ வைப்பது. இங்கே ஒரு இடத்தில் அளந்தேன், 22 மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஃபைபர் துணி. அதற்குக் கீழே ரிவெட் அடித்த மெல்லிய தகடு, அதில் பழைய எழுத்துகள், ஏதோ டப்பாவை வெட்டி விரித்தது. அதற்கும் கீழே மஞ்சள் நுரை, தெளித்து உப்பவைக்கும் வகை. கடைசியில் ஈரமான செய்தித்தாள், பந்து பந்தாக. நுரையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இரும்பில் செய்திருந்தார்கள்.

மறைத்ததோடு அது முடியவில்லை. நுரை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. வெளியில் பட்டியும் தார்ப் பூச்சும் மூடியதால் காய வழியில்லை. நல்ல இரும்பாக இருந்த உள்தகடும், தூணின் அடிப்பகுதியும் அந்த ஈரத்தில் ஊறி உளுத்துவிட்டன. முதலில் கைநீளத் துருவாக இருந்தது, முழு சேனலாகிவிட்டது. மறைத்தவர் மறைக்காமல் ஓட்டையாகவே விட்டிருந்தால்கூட எனக்கு வேலை குறைவாக இருந்திருக்கும்.

வெல்டிங்குக்கு முன்னால் நுரையை ஒரு துணுக்கு விடாமல் எடுக்க வேண்டும். அது எரிந்தால் வரும் புகையில் சயனைடு வாயு இருக்கும். கம்பி பிரஷ், சுரண்டி, கடைசியில் வளைத்த சைக்கிள் ஸ்போக் கூட உதவியது. மூன்று வாரம். இதை யாரும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

பழைய சேனலை அறுப்பதற்கு முன் கதவு வாயில் குறுக்குச் சட்டம் வெல்ட் செய்தேன், முன் தூணிலிருந்து பின் தூணுக்கு இரண்டு, மூலைக்கு மூலை ஒன்று. கதவைக் கழற்றாமல், அதை அளவுகோலாக வைத்து, இடைவெளி மேலிருந்து கீழே வரை ஒரே சீராக வரும்வரை உடம்பை ஏற்றி இறக்கினேன். அந்த ஒரு வேலைக்கே நாலு நாள். அது சரியாக நின்ற பிறகுதான் முதல் வெட்டு. புது சேனலைப் பொருத்தி, ஓரங்குலம் இங்கே ஓரங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றிப் பிடித்து, சூட்டில் கோணாமல் வெல்ட் வைத்தேன். உள்ளே மெழுகு தெளித்து, தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்த்தேன்.

வலது பக்கம் பேட்டரிக்குக் கீழே தரைத் தகட்டில் ஒரு ஒட்டு இருந்தது. அதையும் பயந்துகொண்டேதான் சுரண்டினேன். ஆனால் பெயிண்ட்டுக்கு அடியில் துத்தநாக பிரைமர். அதற்கு அடியில் சீரான வெல்ட், விளிம்புக்கு விளிம்பு சேர்த்து, அரைத்து நிரவியது. பழைய தகட்டில் உளுத்ததை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, மூலைகளை வளைவாக விட்டு ஒட்டியிருந்தார். அடிப்பக்கம் பிரைமரின் மேல் பெயிண்ட் பேனாவால் எழுத்து: 1983, 1 மி.மீ. தகடு. கொஞ்ச நேரம் அங்கேயே படுத்துக்கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி ஆசிட் சொட்டும் இடம் அது, நாற்பது வருடமாக நிற்கிறது. அந்த ஒட்டை நான் தொடவில்லை.

நடுவழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர எதையாவது கட்டி ஒப்பேற்றத்தான் வேண்டும். அறுந்த கேபிளுக்குக் கம்பி, கழன்ற ஹோஸுக்குக் கயிறு, நானும் செய்திருக்கிறேன். மழையில் இரவில் நின்றபோது அந்த வெள்ளித் தாளைச் சுற்றியிருந்தால் அதில் தப்பே இல்லை. மறுநாள் காலையில் அதை எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டி வைத்தவர் வேறு ரகம். கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், தன் கையாலேயே செய்தித்தாளைத் திணித்தவர். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இப்போது என் வண்டியில் தற்காலிகமாக ஏதாவது செய்தால் அங்கே மஞ்சள் டேப் ஒன்றைக் கட்டி, தேதியும் காரணமும் எழுதிவிடுகிறேன். குறிப்பேட்டிலும் அதே வரி. இன்றைக்கு இரண்டு மஞ்சள் டேப் இருக்கிறது: ஒன்று வைப்பர் மோட்டார் எர்த், இன்னொன்று வலது கதவின் கண்ணாடிச் சட்டம். புது சேனலின் உள்பக்கம், மெழுகு தெளிக்கும் முன், வருடத்தையும் தகட்டின் கனத்தையும் எழுதினேன்.

போன வாரம் ஹெட் வேலைக்குப் பிறகு 500 கிலோமீட்டர் முடிந்தது. ஓடிய எஞ்சினை இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் டாப்பெட் மூடியைத் திறந்தேன். மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட்டில் நான் வைத்தது 0.15 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தேன், லேசான பிடிப்போடு போய் வந்தது. 0.15 அப்படியே நின்றிருந்தது. மூடியைப் பூட்டிவிட்டு, காந்தத்தை எடுத்துக்கொண்டு வலது சேனல் பக்கம் போனேன்.